சுலைமான் வேளை

இடது இமையின் மேல் ஒரு ஈ நடந்துகொண்டிருந்தது. அதை விரட்ட ஷாயிஃப் கையைத் தூக்கப் பார்த்தான். கை வரவில்லை.

முதலில் அவன் பயப்படவில்லை. தூக்கத்தில் கை மரத்துப்போவது எல்லோருக்கும் நடப்பதுதான். மற்றக் கையை நினைத்தான். அதுவும் வரவில்லை. ஈ இமையிலிருந்து மூக்குக்கு இறங்கி, உதட்டோரம் நின்று, மதியம் தின்ற ஸல்தா குழம்பின் வெந்தய நுரை மிச்சத்தை நிதானமாக நக்கியது. கண் மட்டும் திறந்திருந்தது. சன்னலின் வண்ணக் கண்ணாடி வழியாக விழுந்த வெயில் சுவரில் சிவப்பும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகக் கிடந்தது. தெருவில் சத்தமே இல்லை, ஏனென்றால் ஏமனின் இப் நகரத்தில் அந்த நேரத்தில் ஆண்பிள்ளை எவனும் தெருவில் இருக்கமாட்டான், எல்லோரும் ஏதாவது ஒரு மேல்மாடி அறையில் காத் இலையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு சாய்ந்திருப்பார்கள். அடுப்படியில் மனைவி தக்கிய்யா கல்சட்டியைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தாள், கர், கர் என்று.

அப்போது அவன் காலடியில் மெத்தை அமுங்கியது.

ஒரு ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு. போர்வை கணுக்காலில் இழுபட்டது. தக்கிய்யா வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். பேர் சொல்லிக் கூப்பிடப் பார்த்தான், நாக்கும் வரவில்லை.

அடுப்படியில் கல்சட்டி சுரண்டும் சத்தம் நிற்கவில்லை. கர், கர்.

பிறகு ஈ பறந்தது. கை தானாகத் துள்ளி முகத்தில் அடித்தது. எழுந்து உட்கார்ந்தான். காலடியில் ஒருவரும் இல்லை. மெத்தை மட்டும் மெல்ல, மூச்சு விடுவதுபோல, மேலே எழும்பிக்கொண்டிருந்தது.

அவன் இலையை விட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மீசை முளைத்த காலத்திலிருந்து லாரி ஓட்டுகிறான். ஸுமாரா மலைப்பாதையில் மாவு மூட்டையோ சிமெண்ட்டோ ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் ஏறி இறங்க, கன்னத்தில் ஒரு உருண்டை இல்லாமல் அவனால் முடிந்ததில்லை. அந்தப் பாதையில் யாராலும் முடிந்ததில்லை. போன மாதம் ஒரு வளைவில் இடது தாடையில் வலி ஆரம்பித்தது. சொத்தைப் பல் என்று நினைத்தான். வலி கழுத்து வழியே இறங்கித் தோளுக்குள் நுழைந்து விரல் நுனி வரைக்கும் போய் நின்றது. லாரியை மலையோரம் ஒதுக்கி நிறுத்தியது யார் என்று அவனுக்கு இப்போதும் தெரியாது. அவன்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

மருத்துவர் படத்தைக் காட்டி அதிகம் பேசவில்லை. இதயத்துக்குப் போகிற குழாய் ஒன்று சுருங்கிவிட்டது, இலை அதை இன்னும் இறுக்குகிறது, இன்னொரு தடவை அதக்கினால் அடுத்த வளைவில் லாரியை நிறுத்த நேரம் இருக்காது என்றார்.

தக்கிய்யா அதைவிடச் சுருக்கமாகச் சொன்னாள்.

"முதல் புருஷன் செத்தப்ப நாலு மாசம் பத்து நாள் வாசப்படி தாண்டாம இத்தா இருந்தேன். சுவத்தைப் பாத்தே முடிஞ்சுது. இன்னொரு தடவை என்னால ஆகாது. இலையைத் தொட்டா நானே உன்னைக் கொன்னுட்டு ஜெயிலுக்குப் போயிருவேன். அங்கயாவது பேச ஆள் இருக்கும்."

அவன் குர்ஆன் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். செத்துப்போகப் பிடிக்காமல் செய்தானா, அவளை மறுபடி சுவரைப் பார்க்க வைக்க மனமில்லாமல் செய்தானா என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. இரண்டும்தான்.

இலையை விட்டதும் களைப்பு வந்தது. சாதாரணக் களைப்பு இல்லை. எலும்புக்குள் ஈரமணலை அள்ளிக் கொட்டினது மாதிரி. கிஷ்ர் குடித்த கோப்பையைக் கீழே வைக்கவே யோசிக்க வேண்டியிருந்தது. உட்கார்ந்தால் தூக்கம், சாய்ந்தால் தூக்கம். தூங்கினால் கனவு. எல்லாமே நெரிசலான கனவுகள், ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக்கொண்டு வருவன. செத்துப்போன அண்ணன் வந்தான். என்றைக்கோ மலைப்பாதையில் அவன் லாரியால் அடித்துவிட்டு நிற்காமல் போன கழுதை வந்தது. எல்லாம் முடிந்து கண் திறந்தால், உடம்பு பூட்டிக் கிடந்தது. காலடியில் மெத்தை அமுங்கியது.

ஒரு நாள் அது கணுக்காலருகில் உட்கார்ந்தது. அடுத்த முறை முழங்காலருகில். எப்போதும் முதுகு காட்டித்தான் இருந்தது. கம்பளி போர்த்திய முதுகு மாதிரி, குனிந்து எதையோ கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற முதுகு மாதிரி. மழையில் நனைந்த சாக்கை வெயிலில் போட்டால் வருகிற வாசம் அடித்தது.

அதற்குப் பேர் இருந்தது. அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பேர்தான். ராஸிம். இலையை விட்டவன் மேல் வந்து உட்காருவது. சின்ன வயதிலிருந்து அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறான். இலை வாங்க வழியில்லாதவனைப் பார்த்து, இன்றைக்கு ராஸிமுக்குப் பாய் விரித்துவிட்டாயா என்று கேட்பார்கள். ராஸிமைப் பார்த்த யாரையும் அவன் சந்தித்ததில்லை. யாரும் அவ்வளவு நாள் இலையை விட்டதில்லை.

தக்கிய்யாவின் தம்பி நுஃமான் கடைவீதியில் மருந்துக்கடை வைத்திருந்தான். தலைநகரில் படித்தவன். கன்னத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டையோடு, மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே அவன் எல்லாவற்றையும் கேட்டான்.

"ராஸிம் வந்திருச்சா மச்சான்? பாவம், இவ்வளவு வருஷமா எந்த ஓட்டல்ல தங்கியிருந்துச்சோ."

"சிரிக்காதடா. மெத்தை அமுங்குது."

"அமுங்கட்டும். பயப்பட ஒண்ணுமில்ல, கேளு. பிடரிக்கு உள்ளார, மூளையோட அடித்தண்டுல, ஒரு சுவிட்சு இருக்குன்னு வெச்சுக்க. கனவு ஓடுறப்ப அது உடம்புக்குப் போற லைனை கட் பண்ணிரும். கண்ணும் மூச்சும் மட்டும்தான் ஓடும். அப்படி கட் பண்ணலைன்னா, நீ கனவுல ஸுமாரா ஏறுறப்ப எங்க அக்கா காலை மிதிச்சு கிளட்சு போடுவே."

"அவ திருப்பி மிதிப்பா."

"மிதிப்பா. சரி, இலை என்ன பண்ணுது? மூளை, முழிப்புக்கான சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமா செலவு பண்ணும். இலை ஒரேயடியா மடையைத் திறந்து விட்டிரும். அதான் அந்த உற்சாகம், அந்தப் பேச்சு. அப்புறம் கனவுக்கு எங்க இடம்? இத்தனை வருஷமா நீ கனவே காணல மச்சான். எல்லாம் அணைக்குப் பின்னாடி நின்னுச்சு. இப்ப அணை போயிருச்சு. கண்ணு முழிச்ச பின்னாடியும் கனவு வடியல. லைன் இன்னும் வரல. அவ்வளவுதான் விஷயம்."

"அப்ப உட்கார்றது யாரு?"

"யாருமில்ல. மூளைக்குள்ள பயத்துக்குன்னு ஒரு மணி தொங்குது. உடம்பு அசையலைன்னதும் அடிக்க ஆரம்பிச்சிரும். மணி அடிச்சா திருடன் இருந்தாகணுமில்ல? இல்லைன்னா மூளையே ஒருத்தனைச் செஞ்சு நிறுத்திரும்."

ஷாயிஃபுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. ரிப்பேர்க்காரன் பேச்சு மாதிரி இருந்தது. லைன், சுவிட்சு, மணி. பழுது எங்கே என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

"மாத்திரை ஏதாவது?"

"இருக்கு. உன் இதயத்துக்கு ஆகாது. கொஞ்ச நாள் தாங்கு, தானா வடிஞ்சிரும். அடுத்த தடவை பூட்டிக்கிட்டா முழு உடம்பையும் அசைக்கப் பாக்காத. கால் சுண்டுவிரலை மட்டும் அசை. ஒரு விரல் அசைஞ்சா போதும், லைன் வந்திரும்."

ஷாயிஃப் படி இறங்கும்போது நுஃமான் பின்னாலிருந்து கேட்டான். பெட்டிகளைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டான்.

"மச்சான், அது எந்தப் பக்கம் பாத்து உட்காருது?"

"முதுகு காட்டித்தான்."

"நல்லது" என்றான் நுஃமான். கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லிவிட்டான்.

அன்று இரவு அவன் தூங்காமல் இருக்கப் பார்த்தான், முடியவில்லை. கண் திறந்தபோது அறை இருட்டாக இருந்தது. தக்கிய்யா பக்கத்தில் சுவரைப் பார்த்துப் படுத்துச் சன்னமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். கூரையில் மழை விழுந்து, தண்ணீர் வழிவாய் வழியே தெருக்கல்லில் சளசளவென்று கொட்டியது. ஈரச்சாக்கு வாசம் அறையில் முன்னமே நிறைந்திருந்தது, சமைத்த வீட்டுக்குள் நுழைகிறபோது வாசம் நமக்காகக் காத்திருப்பதுபோல. மெத்தை அமுங்கியிருந்தது. இந்த முறை இடுப்பருகில்.

லைன் கட் ஆகியிருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். மணி அடிக்கிறது. திருடன் இல்லை.

சுண்டுவிரலை நினைத்தான். வலது காலின் சுண்டுவிரல். அது எங்கே இருக்கிறது என்று தேடவே நேரமாயிற்று. இருட்டில் ஆணி தேடுவது மாதிரி உடம்பு முழுக்கத் தடவிப் போய்க் கடைசியில் கண்டுபிடித்தான். அசை என்றான். ஒன்றுமில்லை. அசை. ஒரு துடிப்பு. நகம் போர்வையில் உரசியதை உணர்ந்தான். அசைந்துவிட்டது. அல்லாவே, அசைந்துவிட்டது.

அப்போது ஏதோ ஒன்று அந்த விரலைப் பிடித்தது.

அழுத்தவில்லை. இழுக்கவில்லை. ஆடுகிற கதவை விரலால் நிறுத்துவது மாதிரி, சும்மா பிடித்தது. விரல் அசைவது நின்றது.

தக்கிய்யா எழுப்பியபோது விடிந்திருந்தது.

"கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குறே. பெருநாளைக்கு அறுத்த கிடா மாதிரி. எனக்குத்தான் பயமா இருக்கு, உனக்கு என்ன வந்துச்சு?"

அவன் சொன்னான். விரலைப் பிடித்தது வரை சொன்னான். அவள் சிரிக்கவில்லை. ரொட்டியைப் பிய்த்து அவன் முன்னால் வைத்தாள்.

"ஒரே ஒரு கொழுந்துன்னு கேக்கப்போறே."

"நான் கேக்கல."

"உன் மூஞ்சி கேக்குது. இங்க பாரு, ராஸிம் உன்னைக் கொல்லாது. உட்காரும், அவ்வளவுதான். இலை கொல்லும். எது வேணும்னு நீயே சொல்லு. உன் மேல ஒண்ணு உட்கார்ந்தா உட்காரட்டும். எங்க மாமியா என் மேல ஒன்பது வருஷம் உட்கார்ந்தா. நான் செத்தா போயிட்டேன்?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சொல்வது சரிதான். அவன் சாகவேண்டியதில்லை. தாங்கவேண்டும், அவ்வளவுதான்.

தாங்கினான். தூங்குவதைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, முகத்தில் தண்ணீர் அடித்து, வாசலில் நின்றபடியே இரவுகளைக் கழித்தான். பகலில் தலைக்குள் ஈரப்பஞ்சு. பேசுகிறவர்களின் வாய் அசைந்து முடிந்த பிறகு சத்தம் வந்தது. கண்ணோரத்தில் மனிதர்கள் நின்றார்கள், திரும்பினால் தண்ணீர்க் குடம். அது வயிற்றருகில் உட்கார்ந்தது. பிறகு மார்பருகில். இன்னும் முதுகுதான் காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் தலையைச் சற்றே பக்கவாட்டில் சாய்த்திருந்தது, எதையோ கேட்க முயல்வதுபோல.

பெருநாள் நெருங்கியது. எந்த லாரி எப்போது பாரம் ஏற்றுவது என்ற முறையை நுஃமானின் வீட்டு மேல்மாடியில் வைத்துத்தான் பிரிப்பார்கள். அந்த ஊரில் எந்தக் காரியமும் இலை இல்லாத இடத்தில் முடிவாவதில்லை. தக்கிய்யாதான் போகச் சொன்னாள்.

"வீட்ல உட்கார்ந்து சுவத்தைப் பாக்காத, அது என் வேலை. போய் நாலு பேரோட உட்காரு. உன் லாரியை உன் தங்கச்சி மவன் ஓட்டட்டும், முறை மட்டும் விட்டுக்கொடுக்காத."

"எல்லாரும் அதக்குவாங்களே. சும்மா எப்படி உட்கார்றது?"

"திராட்சை தர்றேன், அதை அதக்கு. வியாழக்கிழமை எங்க பொம்பளைங்க கூட்டத்துலகூட ஒருத்தி சும்மாதான் உட்கார்றா, அவளுக்கு வயித்துப் புண். நாங்க அசர் தொழுகைக்குப் பின்னாடி பேசிட்டு, இருட்டுறதுக்குள்ள சமைக்க ஓடிருவோம். நீயும் சீக்கிரம் வந்திரு."

உலர்ந்த திராட்சையைத் துணியில் முடிந்து கொடுத்தாள்.

நுஃமானின் மேல்மாடி அறை நீளமானது. மூன்று பக்கச் சுவரோரமும் மெத்தைகள், சாய்மானத் திண்டுகள், நடுவில் ஹுக்கா, பித்தளை எச்சில் பாத்திரங்கள், தண்ணீர் பாட்டில்கள், கிள்ளிப்போட்ட காம்புகளும் முற்றிய இலைகளும் பச்சைக் குப்பையாகக் குவிந்த தரை. பதினைந்து பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லோரும் லாரிக்காரர்கள். பாரம் பிரிக்கிற முக்பில் அவனைப் பார்த்ததும் குரல் கொடுத்தான்.

"வாய்யா ஷாயிஃப்! என்னய்யா கன்னம் காத்துப் போன டயர் மாதிரி இருக்கு?"

"டாக்டர் காத்தைப் புடுங்கிட்டாரு."

"முடிச்சுல என்ன? திராட்சையா? தக்கிய்யா அக்கா உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிச்சிருக்காங்களா?"

அறை சிரித்தது. அவனும் சிரித்தான். நுஃமான் பக்கத்தில் இடம் விட்டான். பேச்சு ஓடியது. டீசல், பாதை, சோதனைச் சாவடி, யாருடைய மகனுக்கு யாருடைய மகள். இலை ஏற ஏறக் குரல்கள் உயர்ந்தன. ஒரே நேரத்தில் நாலு பேர் பேசினார்கள், நாலு பேரும் மலையைப் பெயர்க்கப் போவதாகச் சொன்னார்கள். இதற்கு முன் எப்போதும் அவனும் அந்த நாலு பேரில் ஒருவனாக இருந்திருக்கிறான். இப்போது வெளியே நின்று பார்த்தான். மடை திறந்துவிட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். அவன் முறை கிடைத்தது. கிளம்பியிருக்கலாம். ஆனால் அவ்வளவு நாளில் முதல் முறையாகத் தலைக்குள் பஞ்சு கொஞ்சம் காய்ந்தது மாதிரி இருந்தது. மனிதச் சூடு இதமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தான்.

பிறகு வெயில் சாய்ந்தது.

அந்த நேரத்துக்கு அங்கே சுலைமான் வேளை என்று பேர், ஜின்களை அடக்கி ஆண்ட சுலைமான் நபியின் பேர். மாலையில், பாங்கு சொல்வதற்கு முன்னால், எந்த வீட்டு மாடியாக இருந்தாலும் பேச்சு தானாக அடங்கிவிடும். யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. ஒருவன் பாதி வாக்கியத்தில் விட்டால் இன்னொருவன் எடுக்கமாட்டான். விளக்கைப் போடமாட்டார்கள். ஒவ்வொருவனும் தலையைக் குனிந்து தன் மடியில் கிடக்கும் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஷாயிஃப் ஆயிரம் முறை அப்படிக் குனிந்திருக்கிறான். ஏறினது இறங்கும்போது மனது கனக்கும், அதுதான் காரணம் என்று நினைத்திருந்தான். நிமிர்ந்து பார்க்கவேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அன்றைக்கு அவன் மடியில் இலை இல்லை. பார்ப்பதற்கு எதுவும் இல்லாததால் அவன் அறையைப் பார்த்தான்.

கண்ணாடி வழியே வந்த சிவப்பு, எதிர்ச்சுவரில் ஏறி, உத்தரத்தில் மங்கி, அணைந்துகொண்டிருந்தது. ஹுக்காவின் நீரில் கடைசிக் குமிழி உடைந்தது. எங்கோ தூரத்தில் ஒரு கோவேறு கழுதை கத்தி நின்றது. பதினைந்து வாய்கள் இலையை மெதுவாக நசுக்கும் ஈரச்சத்தம் மட்டும் அறையில் மிஞ்சி, அதுவும் மெல்ல மெல்ல ஒரே தாளத்துக்கு வந்து, ஒரே மிருகம் எங்கோ அசைபோடுவதுபோல் கேட்டது. பச்சை இலையின் கசப்பு வாசத்துக்கு அடியில் இன்னொரு வாசம் இருந்தது.

நனைந்த சாக்கு.

கதவருகில் உட்கார்ந்திருந்த கிழட்டு டிரைவர் முழங்காலை மடக்கிக்கொண்டார்.

அவருக்குப் பக்கத்து ஆளும் மடக்கினான். அதற்கடுத்தவனும். நேரம் கழித்து வந்த விருந்தாளி நடந்து போக வழி விடுவதுபோல, ஒன்றன்பின் ஒன்றாக, சுவரோரம் முழுக்க, முழங்கால்கள் மடங்கிக்கொண்டே வந்தன. கதவு திறக்கவில்லை. யாரும் தலை தூக்கவில்லை.

தூங்குகிறேன், என்று நினைத்தான் ஷாயிஃப். கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிறேன். லைன் கட் ஆகியிருக்கிறது.

சுண்டுவிரலை அசைத்தான்.

அசைந்தது.

கையைத் தூக்கினான். வந்தது. முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து விரல்களை விரித்து மூடினான். எல்லாம் வேலை செய்தது. பூட்டு எதுவும் இல்லை. அவன் முழித்திருந்தான்.

தரையில் கிடந்த காம்புகள் நசுங்கின. ஓரடி. இன்னொன்று.

"தலையைக் குனி மச்சான்."

நுஃமானின் உதடு அசையவே இல்லை. உருண்டைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் கசிந்தது.

"நுஃமான், என்னடா அது?"

"பாக்காத."

"மூளைன்னு சொன்னியே."

"மூளைதான்." நுஃமான் மடியிலிருந்த கொழுந்தை ஒவ்வொரு இலையாகக் கிள்ளிக்கொண்டிருந்தான். "இங்க இருக்கிற எல்லார் மூளையும்தான். குனி. வாயில எதையாவது போடு. குனிய முடியும் அப்ப."

"சத்தியம் பண்ணியிருக்கேன். அவளுக்கு."

"அக்காகிட்ட நான் பேசிக்கறேன்."

இரண்டு ஆள் தள்ளி முக்பிலின் முழங்கால் மடங்கியது. அவன் முகம் வியர்த்திருந்தது. எவ்வளவு நேரமும் வாய் ஓயாத முக்பில். மடியைப் பார்த்தபடியே ஒரு நல்ல சிவந்த கொழுந்தைத் தேர்ந்தெடுத்து, பார்க்காமலே எறிந்தான். ஷாயிஃபின் மடியில் விழுந்தது. மரியாதைக்குரியவனுக்கு அப்படித்தான் எறிவார்கள். இன்னொன்று விழுந்தது. கதவருகிலிருந்து ஒன்று. எதிர்வரிசையிலிருந்து ஒன்று. ஒருவரும் தலை தூக்கவில்லை. கொழுந்துகள் மட்டும் மங்கலில் பறந்து வந்து அவன் மடியில், மார்பில், திராட்சை முடிச்சின் மேல் விழுந்தன.

கண்ணை மூடினான். மூடியதும் வாசம் நெருங்கியது. திறந்தான்.

அது முதுகு காட்டவில்லை.

ஷாயிஃப் குனியப் பார்த்தான். கழுத்து குனிந்தது, கண் குனியவில்லை. இத்தனை வருடம் இத்தனை பேர் எப்படிக் குனிந்து இருந்தார்கள் என்று அவனுக்குப் புரிந்தது. இலை ஏறாத மனதுக்கு அது முடியாது. பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். தக்கிய்யாவை நினைத்தான். உட்காரும், அவ்வளவுதான். கொல்லாது. தாங்கு. அவன் நினைவில் தக்கிய்யா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தாங்கு. அவள் இதைப் பார்த்ததில்லை. இருட்டுவதற்குள் சமைக்க ஓடிவிடுவாள்.

தாங்கு.

அது குனிந்தது.

அவன் கை கொழுந்தை வாயில் திணித்தது. ஒன்று. இரண்டு. காம்போடு. மென்றான். கசப்பு. பழகின கசப்பு. கண்ணில் நீர் வந்தது. இன்னும். கன்னம் நிறைந்தது.

உடனே ஏறாது. அது அவனுக்குத் தெரியும். சாறு கன்னத்தோல் வழியே ஊறவேண்டும், இரத்தத்தில் சேரவேண்டும், தலைக்கு ஏறவேண்டும். மடை திறக்க நேரமாகும். அதற்கு முன்னால் அது போகிற இடம் இதயம்.

இடது தாடையில் ஆரம்பித்தது. சொத்தைப் பல் மாதிரி.

"நுஃமான்."

"பேசாத. இப்ப ஏறிரும்."

கழுத்து. தோள். யாரோ உள்ளேயிருந்து ஒரு கம்பியை முறுக்கினார்கள். கத்த வாய் நிறைய இலை. விளக்கைப் போடுங்கள் என்று சொல்ல வேண்டும். யாராவது பாங்கு சொல்ல வேண்டும். அறையில் அசைபோடும் சத்தம். ஒரே தாளம். விரல் நுனி வரைக்கும் வந்துவிட்டது.

கண் மெல்லக் குனிந்தது. ஏறுகிறது. ஏறிவிட்டது. இப்போது மடியைப் பார்க்க முடிந்தது. கொழுந்து. திராட்சை. தன் கை. கை சாம்பல் நிறமாக இருந்தது. நிமிர வேண்டியதில்லை இனி. நிமிர முடியாது.

அதனால் அவன் அதன் முகத்தைக் கிட்டத்தில் பார்க்கவில்லை. அது தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, ஈரமான பெரிய காதை அவன் மார்பின் இடப்பக்கம் வைத்து, நன்றாகக் கேட்கிற இடம் கிடைக்கும்வரை மெதுவாக நகர்த்தியதை மட்டும் உணர்ந்தான். பக்கத்தில் நுஃமான், தலை தூக்காமல், மென்றபடியே, அது வசதியாக உட்கார இன்னும் கொஞ்சம் தள்ளி இடம் விட்டான்.